பலகையில் இருந்த மூன்று எழுத்து

கேட்டவர் எழுதியிருப்பதன் சாரம் இது. சேலம் குகையில் அவருடைய தாத்தா 1940களில் ஒரு டிஸ்பென்சரி தொடங்கினார். பிறகு அப்பா எம்.பி.பி.எஸ். முடித்து அதே நாற்காலியில் உட்கார்ந்தார். இப்போது அப்பாவும் இல்லை, பேரப்பிள்ளைகளில் ஒருவரும் டாக்டர் இல்லை, தை பிறந்ததும் கட்டடத்தை இடிக்கப் போகிறார்கள். அதற்குள் குடும்பத்துக்காகச் சின்னதாக ஒரு வரலாறு எழுதி வைக்க நினைக்கிறார். தாத்தாவின் பெயர்ப்பலகையில் ‘எல்.ஐ.எம்.’ என்று இருக்கிறது. தூரத்து மாமா ஒருவர், “அவர் எங்கே டாக்டர்? நாட்டு வைத்தியர்தானே. அந்தக் காலத்தில் கேட்க ஆளில்லை, ஊசி போட்டார்” என்று சொல்லிவிட்டாராம். எல்.ஐ.எம். என்றால் என்ன, எங்கே போய்த் தேடுவது என்று கேட்டிருக்கிறார். ஆனால் அவர் மனதை அரிப்பது வேறு: தாத்தா போலியா?

இல்லை. மாமாவுக்கு அந்த எழுத்துகளின் அர்த்தம் தெரியவில்லை. இன்று முக்கால்வாசிப் பேருக்குத் தெரியாது, எனவே அவரைக் கோபித்துப் பயனில்லை.

நான் வரலாறு படித்தவன் அல்ல, வக்கீலும் அல்ல. அப்பா எல்.எம்.பி. படித்துவிட்டு அதே சேலத்தில், செவ்வாய்ப்பேட்டையில் டிஸ்பென்சரி வைத்திருந்தார். நான் 1978-இல் அவர் பக்கத்தில் ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்து, 2019-இல் ஷட்டரை இறக்கினேன். அந்த வாசலில் இருந்து பார்த்ததைத்தான் சொல்ல முடியும்.

முதலில் எழுத்துகள். வெள்ளைக்காரன் காலத்தில் டாக்டர் என்பது ஒரே படிப்பு அல்ல. பல்கலைக்கழகப் பட்டம் வாங்கியவர் ஒரு ரகம். மருத்துவப் பள்ளியில் படித்து உரிமம் வாங்கிய எல்.எம்.பி. இன்னொரு ரகம். எங்கள் பக்கத்து எல்.எம்.பி.க்கள் பலர் சென்னை ராயபுரம் மருத்துவப் பள்ளியில் படித்தவர்கள். அதுதான் பிறகு ஸ்டான்லி என்று பெயர் பெற்று, 1938-இல் கல்லூரி ஆனது. அரசு வேலைக்குப் போனால் பட்டம் வாங்கியவர் அசிஸ்டென்ட் சர்ஜன், எல்.எம்.பி. சப்-அசிஸ்டென்ட் சர்ஜன். அந்த ‘சப்’ என் அப்பாவைக் கடைசிவரை உறுத்தியது. இரண்டு பேரும் ஒரே காய்ச்சலுக்கு ஒரே மருந்தைத்தான் கொடுத்தார்கள், சம்பளம் மட்டும் வேறு என்பார். 1946-இல் சர் ஜோசப் போர் என்பவர் தலைமையிலான கமிட்டி, நாட்டுக்கு ஒரே தரத்தில் ஒரே அடிப்படை டாக்டர் போதும் என்று பரிந்துரைத்தது. அதோடு உரிமப் படிப்புகளின் காலம் முடியத் தொடங்கியது.

எல்.ஐ.எம். இந்த இரண்டிலும் சேராது. லைசென்ஷியேட் இன் இண்டியன் மெடிசின் என்பதன் சுருக்கம் அது. நீதிக்கட்சி ஆட்சியில், 1921-இல், முகமது உஸ்மான் தலைமையில் சென்னை மாகாண அரசு ஒரு குழு போட்டது. சித்தம், ஆயுர்வேதம், யுனானி மூன்றையும் அரசே சொல்லிக் கொடுக்கலாமா என்பது கேள்வி. குழுவின் அறிக்கை 1923-இல் வந்தது. 1925-இல் சென்னையில் அரசு இந்திய மருத்துவப் பள்ளி தொடங்கியது. அதன் முதல் முதல்வர் கேப்டன் ஜி. சீனிவாசமூர்த்தி, ஆங்கில மருத்துவம் படித்தவர். அந்த நியமனமே பள்ளியின் குணத்தைச் சொல்லிவிடும். மாணவர்கள் தங்கள் பிரிவின் மருத்துவத்தைப் படித்ததோடு உடற்கூறு, உடலியங்கியல், அறுவை சிகிச்சை எல்லாம் படித்தார்கள். பிணத்தை அறுத்துப் பார்த்தவர்கள், வார்டில் நின்றவர்கள். பிற்பாடு அது கல்லூரியாகி, ‘ஒருங்கிணைந்த மருத்துவம்’ என்று ஜி.சி.ஐ.எம். பட்டமும் கொடுத்தது. 1960-இல் அந்தப் பாதையை மூடிவிட்டு அது இருந்த கீழ்ப்பாக்கத்திலேயே எம்.பி.பி.எஸ். கல்லூரி ஆரம்பித்தார்கள்.

ஆக உங்கள் தாத்தா பரம்பரையாக மூலிகை அரைத்த நாட்டு வைத்தியர் அல்ல. ஆங்கில மருத்துவம் மட்டும் படித்தவரும் அல்ல. அரசு தானே திட்டமிட்டு உருவாக்கி, முப்பத்தைந்து வருடம் கழித்துக் கைவிட்ட ஒரு ரகம். நடுவீட்டுப் பிள்ளை மாதிரி. இரண்டு பக்கத்துக்காரர்களும் தங்கள் ஆள் என்று சொந்தம் கொண்டாடவில்லை. உங்கள் மாமா இன்று பேசுவது அந்தப் பழைய பேச்சின் மிச்சம்தான்.

இதுவரை சொன்னது உறுதி. இனிமேல் சொல்வதில் கொஞ்சம் கவனம் வேண்டும். பலகையில் எல்.ஐ.எம். இருப்பதாலேயே அவர் படித்து முடித்தார் என்று ஆகிவிடாது. பலகை எழுதுகிறவன் சான்றிதழ் பார்த்து எழுதுவதில்லை. ‘ஆர்.எம்.பி.’ என்று போட்டுக்கொண்டவர்களில் எத்தனையோ பேர் எங்கும் பதிவு செய்யாதவர்கள். அது படிப்பும் அல்ல, பதிவு பெற்றவர் என்று அர்த்தம், அவ்வளவுதான். ‘ஆர்.ஐ.எம்.பி.’ என்றால் இந்திய மருத்துவத்துக்கான பதிவு. எனவே அசல் டிப்ளமாவைத் தேடுங்கள். கண்ணாடிச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டியிருப்பார்கள், இல்லையென்றால் இரும்புப் பெட்டியில் சுருட்டி வைத்திருப்பார்கள். அதில் எந்தப் பிரிவு என்பதும் இருக்கும். பதிவுச் சான்றிதழ் வேறு காகிதம், அதையும் பாருங்கள். ஆங்கில மருத்துவர்களுக்கு 1914-ஆம் வருடச் சட்டப்படி சென்னையில் பதிவேடு இருந்தது. இந்திய மருத்துவத்துக்குத் தனி வாரியம், தனிப் பட்டியல். தாத்தாவை முதல் பட்டியலில் தேடிவிட்டு, பெயர் இல்லை என்று பதறாதீர்கள். சென்னை எழும்பூர் ஆவணக் காப்பகத்திலும் கன்னிமாரா நூலகத்திலும் தேடும்போது ஊர் என்ற இடத்தில் ‘சேலம் ஜில்லா’ என்பதைப் பழைய எல்லையோடு நினைவில் வையுங்கள். தர்மபுரி 1965-இல்தான் பிரிந்தது, நாமக்கல் 1997-இல்.

ஊசி போட்டது தப்பா என்றால், இன்றைய சட்டத்தை வைத்து 1948-ஐ அளக்கக் கூடாது என்பேன். ஹோமியோபதி படித்தவர் ஆங்கில மருந்து கொடுத்தது கவனக்குறைவு என்று உச்ச நீதிமன்றம் பூனம் வர்மா வழக்கில் சொன்னது 1996-இல். அதற்கு அரை நூற்றாண்டு முன்பு, ஆங்கில மருத்துவத்தையும் சேர்த்து அரசே சொல்லிக்கொடுத்த ஒருவர் பென்சிலின் ஊசி போட்டது வேறு கதை. நம் ஜில்லாவில் ராசிபுரத்தில் பிறந்த பி. வரதராஜுலு நாயுடு சித்த, ஆயுர்வேத வைத்தியம் பார்த்தவர். பின்னாளில் இந்தியன் எக்ஸ்பிரஸ் பத்திரிகையைத் தொடங்கியவர். அவரை ஊரே ‘டாக்டர் நாயுடு’ என்றுதான் சொன்னது. அந்தச் சொல் அன்று இவ்வளவு இறுகிப் போயிருக்கவில்லை.

சரி, எழுத்துக் கதை போதும். இதை மட்டும் வைத்து நீங்கள் வரலாறு எழுதினால் அது சான்றிதழின் வரலாறாகத்தான் இருக்கும், டிஸ்பென்சரியின் வரலாறாக இருக்காது. டிஸ்பென்சரி என்பது டாக்டர் மட்டும் அல்ல. அதில் பாதி கம்பவுண்டர்.

எங்கள் இடம் எப்படி இருந்தது என்று சொல்கிறேன், உங்களுடையதும் ஏறக்குறைய இப்படித்தான் இருந்திருக்கும். தெருவைப் பார்த்த முன்னறையில் இரண்டு மர பெஞ்சு. அரைக்கதவு போட்ட அறையில் அப்பா. அதற்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஜன்னல், ஜன்னலுக்குப் பின்னால் கம்பவுண்டர். அவருக்குப் பின்னால் அலமாரி நிறையப் பெரிய பெரிய சீசாக்கள். அப்பா சீட்டில் கிறுக்குவதை இந்த உலகத்தில் அவர் ஒருவரால்தான் படிக்க முடியும். நோயாளிகள் வீட்டில் இருந்தே சீசா கொண்டு வருவார்கள். எண்ணெய்ச் சீசா, கஷாயச் சீசா, ஒரு முறை மண்ணெண்ணெய் நாற்றம் போகாத ஒன்று. கம்பவுண்டர் அதைக் கழுவி, வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, மிக்சர் ஊற்றுவார். ஆறு அவுன்ஸ் சீசா, வேளைக்கு ஓர் அவுன்ஸ், மூன்று வேளை, இரண்டு நாள். அளவு தெரிவதற்கு வெள்ளைத் தாளை நீளமாகக் கிழித்து, ஆறாக மடித்து, ஓரத்தைக் கத்திரியால் கிள்ளி, விரித்தால் பல்லுப் பல்லாக இருக்கும். அதைக் கோந்து தடவி சீசாவின் பக்கத்தில் ஒட்டுவார். ஒரு பல்லு ஒரு வேளை. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் எனக்கு அதுதான் வேலை. சீசா குண்டாக இருந்தால் தாள் குட்டையாக வேண்டும், ஒல்லியாக இருந்தால் நீளமாக வேண்டும். அதைக் கண்ணாலேயே அளந்து அவர் சொல்லும் அளவு பிசகி நான் பார்த்ததில்லை.

வயிற்று உப்புசத்துக்குக் கொடுத்த கார்மினேட்டிவ் மிக்சர் ரோஸ் நிறம். நோயாளிகளுக்கு அந்த நிறத்தின் மேல்தான் நம்பிக்கை. உள்ளே சோடா உப்பு, இஞ்சி டிங்சர், ஏலக்காய் டிங்சர் என்று சமையலறைச் சாமான்தான். நிறம் ஏலக்காய் டிங்சரில் இருந்த காக்சினீல் பூச்சிச் சாயம். சைவக்காரர்களிடம் அப்பா அதைச் சொன்னதே இல்லை. இருமலுக்கு இபிகாக், அம்மோனியம் குளோரைடு. காய்ச்சல், உடம்பு வலி எதுவானாலும் ஏ.பி.சி. மாத்திரை: ஆஸ்பிரின், பினாசிட்டின், காஃபின். குகை, அம்மாப்பேட்டை தறிக்காரர்கள் குழித்தறியில் நாள் முழுக்கக் குனிந்து உட்கார்ந்து இடுப்பு விட்டுப்போய் வருவார்கள். அவர்களுக்கும் ஏ.பி.சி.தான், வாரக்கணக்கில். பினாசிட்டின் சிறுநீரகத்தைக் கெடுக்கிறது என்று 1983-இல் இந்தியாவில் தடை செய்தார்கள். நானும் ஐந்து வருடம் எழுதியிருக்கிறேன். எத்தனை பேருக்கு அதனால் கேடு வந்தது என்று கணக்கில்லை, ஆனால் ஒருவருக்கும் வரவில்லை என்று சொல்ல எனக்கு வாய் வராது.

கண்ணாடி ஊசிக்குழல் கதையும் அப்படித்தான். ஸ்டெரிலைசரில் தண்ணீர் கொதித்தபடியே இருக்கும், இடுக்கியால் எடுத்து அடுத்தவருக்குப் போடுவார்கள். ஊசி முனை மழுங்கினால் சாணைக்கல்லில் தீட்டுவார் கம்பவுண்டர். கூட்டம் அதிகமான நாளில் கொதிக்கும் நேரம் குறையும். பிற்காலத்தில், ஊசி வழியாகப் பரவும் ஹெப்படைட்டிஸ் பி பற்றிப் படிக்கும்போது எனக்கு அந்த இடுக்கிதான் ஞாபகம் வந்தது. குடும்ப வரலாறு எழுதுகிறவர்கள் இந்தப் பக்கத்தைக் கிழித்துவிடுவார்கள். நீங்கள் கிழிக்காதீர்கள். கைராசிக்கார டாக்டர் என்று நாலு பேர் சொன்னதையும் போடுங்கள், இதையும் போடுங்கள்.

காசு விஷயத்துக்கு வருகிறேன், உண்மையான வரலாறு அங்கேதான் கிடக்கிறது. எங்களிடம் பார்ப்பதற்கு என்று தனிக் கட்டணம் ரொம்ப நாள் கிடையாது. மருந்துக்குக் காசு, ஊசிக்குக் காசு. பார்த்துவிட்டு ‘ஒன்றும் இல்லை, ரெண்டு நாள் கஞ்சி குடி’ என்று அனுப்பினால் டாக்டருக்கு வரும்படி இல்லை. தேவையில்லாத ஊசி நம் ஊரில் வேர்விட்டதற்கு இதுவும் ஒரு காரணம் என்பது என் கருத்து. எழுதி நிரூபிக்கச் சொன்னால் முடியாது, ஆனால் ஜன்னலுக்கு இந்தப் பக்கம் இருந்தவர்கள் யாரும் மறுக்கமாட்டார்கள். பற்று எழுதும் நோட்டு ஒன்று கம்பவுண்டரிடம் இருக்கும். தறிக்காரருக்குக் கூலி வந்ததும் வரவு. மாரியம்மன் பண்டிகை வந்தால் வரவு இல்லை. ஆடியில் கோட்டை மாரியம்மனுக்குப் பூச்சாட்டிவிட்டால் எங்கள் பெஞ்சு ஏறக்குறைய காலி. வீட்டில் அம்மை போட்டிருந்தால் ஒருவரும் மருந்துக்கு வரமாட்டார்கள், வேப்பிலை கட்டிவிட்டு இருந்துகொள்வார்கள். அப்பா வாதாடமாட்டார். அந்த வீட்டுக் குழந்தைக்குக் கண்ணில் பட்டிருக்கிறதா என்று மட்டும் கம்பவுண்டரை அனுப்பி விசாரிப்பார்.

அந்த நோட்டு கிடைத்தால் உங்களுக்கு அதிர்ஷ்டம். அதில் தேதி இல்லாவிட்டாலும் காலம் கண்டுபிடிக்கலாம். ரூபாய், அணா, பை என்று மூன்று பத்தி இருந்தால் 1957 ஏப்ரலுக்கு முன்பு. ‘ந.பை.’ (நயா பைசா) என்றிருந்தால் 1957-க்கும் 1964-க்கும் இடையில். சீட்டின் தலைப்பில் ஆறு இலக்கப் பின்கோடு இருந்தால் 1972 ஆகஸ்டுக்குப் பிறகு அச்சடித்தது. ‘சென்னை மாநிலம்’ என்றிருந்தால் 1969-க்கு முந்தியது. மருந்தளவை அவுன்ஸ், டிராம், மினிம் என்று எழுதியிருந்தால் பழையது என்று சொல்லலாம், ஆனால் இதை மட்டும் நம்ப வேண்டாம். என் அப்பா 1975 வரைக்கும் டிராம் போட்டுத்தான் எழுதினார். அலமாரியில் பென்சிலின் புட்டி கிடந்து, அதில் பிம்ப்ரி இந்துஸ்தான் ஆன்டிபயாட்டிக்ஸ் என்றிருந்தால் 1955-க்கு முன்னால் இருக்க முடியாது, அந்த ஆலை மருந்து எடுக்கத் தொடங்கியதே அப்போதுதான். டிஸ்பென்சரி தொடங்கிய வருடத்துக்கு வீட்டில் சொல்லும் கதையை மட்டும் நம்பாமல் வாடகைச் சீட்டு, நகராட்சி வரி ரசீது, கரண்ட் கனெக்‌ஷன் வாங்கிய காகிதம், கட்டடம் சொந்தமென்றால் பத்திரம், இவற்றைப் பாருங்கள். வீட்டுக் கதையில் வருடம் எப்போதும் ஒரு பிறப்போடோ சாவோடோ ஒட்டிக்கொண்டு நாலைந்து வருடம் நகர்ந்திருக்கும். எங்கள் வீட்டில் சுதந்திரம் வந்த அன்றைக்குத்தான் திறந்தோம் என்பார்கள். ரசீது 1949 என்கிறது.

கம்பவுண்டர் குடும்பத்தைத் தேடிப் பிடியுங்கள். 1948-இல் மருந்தாளுநர் சட்டம் வந்தபோது, படிப்பு இல்லாவிட்டாலும் டிஸ்பென்சரியில் ஐந்து வருடம் மருந்து கலக்கிய அனுபவம் இருந்தால் முதல் பட்டியலில் பதிய வழி வைத்தார்கள். அப்படிப் பதிந்திருந்தால், இன்னாரிடம் இத்தனை வருடம் வேலை பார்த்தார் என்று உங்கள் தாத்தா கையெழுத்துப் போட்டுக் கொடுத்த சான்று அந்த வீட்டில் இருக்கக்கூடும். தாத்தா 1940களில் தொழில் செய்தார் என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி வேண்டாம். எங்கள் கம்பவுண்டர் பதிவு செய்துகொண்டு, பிறகு சொந்தமாக மெடிக்கல் ஷாப் வைத்தார். போகும்போது நோட்டையும் எடுத்துப் போய்விட்டார், அப்பாவுக்கு அதில் ஒரு வருத்தம். இப்போது யோசித்தால், எழுதியவர் அவர்தானே, அவருடைய நோட்டுத்தான் என்று தோன்றுகிறது.

உங்கள் அப்பா காலத்தைப் பற்றி நீங்கள் அதிகம் கேட்கவில்லை, எனவே சுருக்கமாகச் சொல்கிறேன். எண்பதுகளில் இந்த மாதிரி இடங்கள் இரண்டாகப் பிரிந்தன. மகனோ மருமகளோ மேல்படிப்பு படித்திருந்தால் மாடியில் நாலு கட்டில் போட்டு நர்சிங் ஹோம் ஆக்கினார்கள். இல்லாதவர்கள் அதே பெஞ்சோடு இருந்தார்கள். 1986-இல் சேலத்துக்கு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி வந்தது. அப்புறம் ஸ்பெஷலிஸ்ட்களும் ஸ்கேனும் உள்ளூரிலேயே கிடைத்தன. 1995-இல் டாக்டர்களும் நுகர்வோர் சட்டத்துக்குள் வருவார்கள் என்று தீர்ப்பு வந்தபின், ‘பார்த்துக்கலாம்’ என்று வீட்டிலேயே வைத்து வைத்தியம் பார்க்க எங்களுக்கே தைரியம் குறைந்தது. 1997-ஆம் வருட மருத்துவ நிறுவனச் சட்டத்துக்கு 2018-இல் விதிகள் வந்தபோது, என் அறையின் நீள அகலத்தை டேப் வைத்து அளந்து பார்த்தேன். நான் மூடியதற்கு அது மட்டும் காரணமில்லை. முட்டி வலி, மகள் வெளியூரில், இவையும் உண்டு. பேரப்பிள்ளைகள் யாரும் டாக்டர் ஆகவில்லையே என்று நீங்கள் எழுதிய வரியில் ஒரு குற்ற உணர்ச்சி தெரிந்தது. டாக்டரான பிள்ளைகள் இருந்த வீடுகளிலும் அந்தப் பெஞ்சு காலியாகத்தான் போனது.

இடிப்பதற்கு முன் செய்ய வேண்டியது இரண்டு. மருந்து அலமாரியைச் சுவரில் இருந்து நகர்த்திப் பாருங்கள், பின்னால் விழுந்த சீட்டுகள் இருக்கும். எங்களுடையதில் ஒரு கை அளவு கிடைத்தது, கரையான் தின்றது போக. கிடைப்பவற்றில் நோயாளிகளின் பெயரும் நோயும் இருக்கும். காசநோய், மேகநோய், கருக்கலைப்பு என்று. அந்தக் குடும்பங்கள் இன்னும் அதே தெருவில் இருக்கலாம். எழுதும்போது பெயரை எடுத்துவிடுங்கள், படம் எடுத்து எங்கும் போடாதீர்கள். இரண்டாவது, தாத்தாவிடம் ஊசி போட்டுக்கொண்ட ஆட்கள் இப்போது எண்பதைத் தாண்டியிருப்பார்கள். ஆடிப் பண்டிகைக்கு வெளியூர்க்காரர்கள் எல்லாம் குகைக்கு வருவார்கள், ஆனால் தை வரைக்கும்தான் உங்களுக்கு நேரம், ஆடியும் போய்விட்டது. அதனால் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் பலகையைக் கழற்றித் துடைத்து, திண்ணையில் சாய்த்து வைத்துவிட்டு நீங்களும் பக்கத்தில் உட்காருங்கள். யாராவது நின்று பார்ப்பார்கள். என்ன மருந்து கொடுத்தார் என்று கேட்காதீர்கள், அது யாருக்கும் நினைவிருக்காது. மிக்சர் என்ன நிறம் என்று கேளுங்கள்.